ஒப்பிட வைத்த கை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். காலை ஒன்பது மணிக்கே அரக்கோணம் சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. உபைதின் மெக்கானிக் ஷெட்டுக்கு நகரிப் பக்கத்துக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார்கள். மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது என்று டிரைவர் தெலுங்கில் சொன்னார். ஆறட்டும், அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்று உபைதும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு ஸ்பேனர் எடுக்க உள்ளே போனான். டிரைவருக்குப் பொறுக்கவில்லை. குழந்தை குட்டியோடு குடும்பம் வெயிலில் நிற்கிறதே என்று அவரே துணியைப் போட்டு மூடியைத் திருகத் தொடங்கினார். உபைத் திரும்பிப் பார்த்து ஓடிவந்து இரண்டு கைகளாலும் அவரைத் தள்ளினான். அந்த நேரம் பார்த்து மூடி தெறித்தது.

டிரைவர் தப்பித்தார். உபைதின் கைகள் இரண்டும் முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை வெந்துபோயின.

அரசு ஆஸ்பத்திரியில் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சாயங்காலம் அவன் மனைவி நஸியா ரயிலிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இந்தத் துணி புண்ணோட ஒட்டிக்குங்க. நாளைக்குப் பிரிக்கும்போது புதுசா வளர்ற தோலையும் சேர்த்துப் பிச்சுக்கினு வரும். நான் பார்த்துக்கறேன். என்கிட்ட இல்லாததா அவங்ககிட்ட இருக்கு?"

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. திருவள்ளூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடமாக அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சியே புண்ணுக்குப் போடும் ஜெல்லைப் பற்றித்தான். வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி, நுங்கு போல் வழவழப்பாக இருக்கும் ஒரு ஜெல்லில் கலந்து வைத்தால், அது புண்ணை ஈரமாகவும் வைத்திருக்கும், கிருமியையும் கொல்லும். தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஆயிரக்கணக்கான துகளை வரிசையாக நிறுத்தலாம் என்று அவள் ஒருமுறை சொன்னதை உபைத் டீக்கடையில் பல தடவை சொல்லியிருக்கிறான். "என் ஊட்ல வெள்ளியில மருந்து செய்றாங்க" என்பான். பத்தாவதோடு படிப்பை விட்டவன் அவன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவள் படிப்பை நிறுத்தச் சொல்லி அவன் வாயிலிருந்து வந்ததில்லை. காலை ரயிலுக்கு அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவான். லேட்டானால் ஸ்டேஷன் வாசலில் நின்று கூட்டி வருவான்.

மறுநாள் அவள் கல்லூரியிலிருந்து ஒரு டப்பாவில் ஐஸ் வைத்து, மெல்லிய தாள்களாக வார்த்த ஜெல்லைக் கொண்டுவந்தாள். கூடவே இரண்டு பக்கக் காகிதம் ஒன்று, முழுக்க ஆங்கிலத்தில்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. காலேஜிலேர்ந்து மருந்து வெளியில எடுத்துட்டு வரணும்னா கேக்கறாங்க."

கட்டுப் போட்ட கையோடு கோணல்மாணலாக அவன் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. பொண்டாட்டி நீட்டிய காகிதத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

கட்டைப் பிரித்து அவள் ஒட்டிய ஜெல் தாள்களைப் பார்த்தபோது மட்டும் ஒன்று கேட்டான்.

"இன்னா இது, இந்தக் கையில டீத்தண்ணி கலர்ல கீது, அந்தக் கையில பச்சத்தண்ணி மாதிரி கீது?"

"வேற வேற நாள் செஞ்சதுங்க. அதான் கலர் மாறியிருக்கு. மருந்து ஒண்ணுதான்."

தினமும் காலையில் அவள் தாளை மாற்றுவாள். மாற்றுவதற்கு முன் பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலை வைத்துப் போனில் படம் எடுப்பாள். சார் பார்த்துச் சொல்வார் என்பாள். சார் என்றால் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, கோதண்டபாணி. வலிக்கிறதா என்று இரண்டு கையையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வாள். அவள் விரல் படும்போது அத்தனை பதமாக இருக்கும். இப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இன்னொரு தடவைகூட வெந்துபோகலாம் என்று அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் இடது கையில் இளஞ்சிவப்பாகத் தோல் படர்ந்துவிட்டது. வலது கை அப்படியே இருந்தது. பதினோராம் நாள் அதிலிருந்து வாடை வந்தது. பன்னிரண்டாம் நாள் தாளுக்கு அடியில் பச்சையாகச் சீழ். அன்று சாயங்காலம் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா நஸியா?"

"இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாங்க. தானா அடங்கும்."

இரண்டு நாள் நான்கு நாளானது. பதினாறாம் நாள் ஸ்டூலிலிருந்து எழுந்தவன் கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஐந்து நாள் ஊசி. வலது கை ஆற இன்னும் ஒரு மாதம் பிடித்தது. ஆறியும் தடித்து, இழுத்துக்கொண்டு நின்றது. மணிக்கட்டை முழுசாகத் திருப்ப முடியவில்லை. ஸ்பேனரை அழுத்திப் பிடித்தால் தோல் வெடித்தது. அவன் வலது கைக்காரன்.

ஒரே மருந்து போட்ட இரண்டு கையில் ஒன்று மட்டும் ஏன் இப்படி ஆனது என்று அவன் யோசிக்காமல் இல்லை. தன் உடம்பு வாகு என்று நினைத்துக்கொண்டான். அல்லா நாடியது என்று அம்மாவிடம் போனில் சொன்னான்.

அக்டோபரில் ஒருநாள் பகல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயில் ஃபில்டர் வாங்கப் போனவனைப் பிரிண்டிங் கடை தணிகைமணி கூப்பிட்டார். பத்து வருடப் பழக்கம். அவர் வண்டி ரிப்பேரெல்லாம் உபைதிடம்தான்.

"பாய்! ஊட்ல அனுப்பின போஸ்டர் ரெடி. நீயே எடுத்துகினு போய்டு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னாங்க, எதுக்கு அவங்களுக்கு அலைச்சல்?"

சுருட்டுவதற்கு முன் அதை மேஜைமேல் விரித்துக் காட்டினார். ஆள் உயரத்துக்கு இருந்தது. மேலே கல்லூரி முத்திரை, நஸியாவின் பெயர், அதற்கு அடியில் கோதண்டபாணி பெயர். உபைத் பெருமையாகத்தான் குனிந்து பார்த்தான். நடுவில் இரண்டு வரிசையாகப் படங்கள். மேல் வரிசையில் ஒரு கை, கீழ் வரிசையில் ஒரு கை. கீழ் வரிசைக் கையின் சுண்டு விரல் கோணியிருந்தது. அந்த விரல் பதினெட்டு வயதில் ஃபேன் பெல்டில் மாட்டியது. படத்தின் ஓரத்தில் அவன் வீட்டுப் படுக்கை விரிப்பின் நீலப் பூ தெரிந்தது.

ஆங்கிலத்தை அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். மேல் வரிசைக்குப் பக்கத்தில் 'சில்வர்' என்று இருந்தது. கீழ் வரிசைக்கு 'கன்ட்ரோல்'.

"மணி, கன்ட்ரோல்னா இதுல இன்னா அர்த்தம்?"

தணிகைமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒரு பக்கம் மருந்து போடுறாங்க. இன்னொரு பக்கம் மருந்து இல்லாம வெறும் ஜெல் போடுறாங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்ல, அதுக்கு வெச்சிகீற பக்கம். பேஷன்ட் நம்பர் ஒண்ணுன்னு போட்டு கீது. யாரோ பாவம், சீழ் எப்பிடிப் புடிச்சிகீது பாரு." சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் உபைதின் வலது கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் போஸ்டரைச் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தார்.

உபைத் அன்று ஷெட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து போஸ்டரைக் கட்டிலின்மேல் விரித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். ஐந்து ஐந்தாகப் பத்துப் படம். முதல் நாள், நான்காம் நாள், எட்டு, பன்னிரண்டு, பதினாறு. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் விரற்கடை இடைவெளிதான் இருந்தது. அந்த இடைவெளிக்குள்தான் அவன் பல் கிட்டித்துக் கிடந்தான்.

ஆறரை மணிக்கு நஸியா வந்தாள். அவர்கள் வீட்டில் உருதும் தமிழும் கலந்து ஓடும். கோபம் வந்தால் தமிழ்தான்.

"இது யாரு கை?" என்றான்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்க கைதான்."

"நம்பர் ஒண்ணுன்னு போட்டு கீது."

"பேரு போடக்கூடாதுங்க. அதான் முறை."

"ஒரே மருந்துன்னு சொன்னியே."

"சொன்னேன்." அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "எது எந்தக் கைன்னு தெரிஞ்சா நீங்க வலியைக் கூட்டியோ குறைச்சோ சொல்லிடுவீங்க. அப்ப கணக்கு தப்பாயிடும்."

"எந்தக் கைக்கு வெள்ளி, எந்தக் கைக்கு வெறும் ஜெல்லுன்னு எப்பிடி முடிவு பண்ண?"

"காசு சுண்டிப் பார்த்தேன்."

அவனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது. "இன்னா பண்ண?"

"நானாத் தேர்ந்தெடுத்தா பாரபட்சமாயிடும். அதனால சுண்டித்தான் பார்க்கணும். தலை விழுந்தா இடது கைக்கு வெள்ளின்னு வெச்சுக்கிட்டேன்." அவள் பையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ரெண்டு கைக்கும் சாதாரணக் கட்டுதாங்க போட்டிருப்பாங்க. ஒரு கைக்காவது நல்லது கிடைச்சதேன்னு பாருங்க. வெள்ளி வேலை செய்யும்னு எனக்கே உறுதியாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு கையும் ஒண்ணாத்தான் வெந்துச்சு நஸியா. நீ கேட்டிருந்தா ரெண்டையும் குடுத்திருப்பேன். காசு சுண்டுன்னு நானே சொல்லியிருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல நீ."

அவள் அழுதாள். அவன் விரலால் பன்னிரண்டாம் நாள் படத்தைத் தொட்டான்.

"இது தெரிஞ்சுதானே? சீழ் புடிச்சது தெரிஞ்சுதானே? அன்னிக்கு ஏன் நிறுத்தல?"

"நிறுத்தியிருக்கணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சார் கிட்ட படம் காட்டினேன். பதினாறாம் நாள் வரைக்கும் எடுத்தாத்தான் முழுசா இருக்கும், இன்னும் ரெண்டு நாள் பாருன்னார். அப்புறம் இன்னும் ரெண்டு நாள்னார்."

"ஜுரத்துல நடுங்கிகினு கெடந்தப்ப சாரா என் பக்கத்துல படுத்துகினு இருந்தாரு?"

அன்று அவன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

போஸ்டரை அவன் கிழிக்கவில்லை. அடுத்த வாரம் அவள் அதைக் கல்லூரிக் கருத்தரங்குக்குக் கொண்டுபோனாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆனால் பார்க்க வந்த ஒரு டாக்டர், மனிதர்மேல் சோதித்துப் பார்க்க யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டார். பதினைந்து நாளில் கல்லூரி நெறிமுறைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ஆராய்ச்சி செய்தவரும் வழிகாட்டியும் வர வேண்டும், முடிந்தால் நோயாளியையும் அழைத்து வர வேண்டும்.

கடிதத்தை வைத்துக்கொண்டு நஸியா அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். இல்லைன்னா மூணு வருஷம் போயிடும்."

அவன் தட்டில் கை கழுவினான். பொய் சொல்லச் சொல்கிறாள் என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தத் தடவையாவது முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்கிறாளே என்று இருந்தது.

"ஆங். சொல்றேன்" என்றான்.

குழுவில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் வெளியிலிருந்து வந்த டாக்டர், அனிதா என்று பலகையில் எழுதியிருந்தது. கோதண்டபாணி ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் அந்த ஆங்கிலக் காகிதம் இருந்தது.

"உக்காருங்க உபைத். இது உங்க கையெழுத்தா?"

"ஆங்."

"இதுல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க." சொல்லிவிட்டான். பக்கத்தில் நஸியா மூச்சை விட்டது அவனுக்குக் கேட்டது.

டாக்டர் எழுந்து வந்து அவன் வலது கையைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். திருப்பும்போது அவன் தோள் தானாக உயர்ந்தது. "வலிக்குதா? எந்த நாள்லேர்ந்து ஜுரம் வந்துச்சு?"

"பன்னண்டாம் நாளு."

"எப்ப வேணும்னாலும் இதை நிறுத்திக்கலாம்னு அந்தக் காகிதத்துல எழுதியிருக்கு. ஏன் நீங்க நிறுத்தச் சொல்லல?"

அப்படி ஒரு வரி அதில் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. போஸ்டரில் இருந்த படம் அவன் கண்ணுக்குள் வந்தது. சொல்ல வேண்டிய பதிலை ரயிலில் வரும்போது அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது வாயில் வரவில்லை.

"எனக்கு அது தெரியாதுங்க" என்றான். "மருந்து ஒண்ணுதான்னு சொன்னாங்க. நான் நிறுத்தச் சொல்லல, ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னுதான் கேட்டேன்."

நஸியா அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நாலு நாள் தாமதம் யார் முடிவு?" டாக்டர் இப்போது அவளைக் கேட்டார்.

"சார் கிட்ட தினமும் படம் காட்டினேன் மேடம். தொடரச் சொன்னார்."

கோதண்டபாணி போனைக் கவிழ்த்து வைத்தார். "மேடம், பேஷன்ட் இவங்க வீட்டுக்காரர்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ஏதோ ஆஸ்பத்திரியில பண்றாங்கன்னு நினைச்சேன். தொடரச் சொல்லி நான் சொன்னதா ஒரு மெசேஜ் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்."

நேரில் சொன்னதற்கு நஸியா எங்கே போவாள் ஆதாரத்துக்கு? மூன்று வருடம் சார் சார் என்று அவள் சொன்ன மனிதர் நேராக அவள் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னார். அப்போதுதான் அவள் உபைத் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பார்வை அவனுக்குப் புரிந்தது. சார் தொடரச் சொன்னார், அந்த நாட்களிலேயே நான் உங்களிடம் சொன்னேன் என்று இவர்களிடம் சொல்லுங்கள் என்கிறாள். ஆனால் ஜுரத்தில் கிடந்தபோது அவள் சாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. போஸ்டரைப் பார்த்த அன்றைக்குத்தான் சொன்னாள். அது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலும் உண்மைதான். நான்கு மாதத்துக்கு முன்னால் என்றால் என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டாள் என்று மேஜையைத் தட்டியிருப்பான். இப்போது நாக்கு எழவில்லை. ஒரே மருந்து என்று சொன்னதும் இதே முகம்தானே?

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா உபைத்?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான். அது பொய்யில்லை.

நஸியாவை ஆறு மாதம் ஆய்வகத்துக்குள் விடக்கூடாது என்று எழுதினார்கள். பரிசைத் திருப்பிக் கேட்டார்கள். ஜெல் வேலையை அருண்பாண்டியன் என்ற இன்னொரு மாணவனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவனுக்கும் வழிகாட்டி கோதண்டபாணிதான். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனதாகக் கேள்வி.

திரும்பி வரும் ரயிலில் கூட்டம். எதிரெதிராக இடம் கிடைத்தது. அரக்கோணம் வந்தது. வண்டி அங்கிருந்து கிளம்பிய பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்றேன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க."

"ஆங்."

"சாராவது வெளி ஆளு. நீங்க?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் அப்படிச் சொல்லலாம் என்று தோன்றியது. தனக்கு எப்படி வலித்ததோ, அவளுக்கும் அப்படித்தான் வலிக்கும். ஆனால் அவள் வலியைத் தன் வலியிலிருந்து கழித்துக்கொள்ள முடியவில்லை. இரண்டும் தனித்தனியாகவே இருந்தன.

"நான் உனக்குச் சொல்லிட்டுப் பண்ணலதான்" என்றான். "அது தப்புதான்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்கள் பிரிந்துவிடவில்லை. இரண்டு வீட்டாருக்கும் விஷயமே தெரியாது. நஸியா பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுத்தாள். உபைத் வாரத்துக்கு இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி எடுக்கப் போனான். நானும் வரேன் என்று அவள் ஒருமுறை கிளம்பினாள். வேண்டாம் என்றுவிட்டான். இடது கையால் போல்ட் கழற்றப் பழகிக்கொண்டான். வேலை பாதியாக நடந்தது. தை பிறந்ததும் அவன் தலையணை மறுபடி கட்டிலுக்கு வந்தது.

மாசியில் ஒருநாள் அவனுக்குச் சளி பிடித்துத் தலை பாரமாக இருந்தது. நஸியா ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அவன் மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அட்ட எங்க?"

அவள் உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். அவன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"இது இன்னாத்துக்கு?"

"ஜுரத்துக்கும் உடம்பு வலிக்கும். ஒருநாளைக்கு மூணுக்கு மேல போடக்கூடாது. வெறும் வயித்துல போட்டா ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் தேதி இருக்கு." அவள் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான்.